பின் அச்சுக்கு எந்த எண்ணெய்?

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் உள்ள ஓர் உதிரிபாகக் கடைக்குப் போய் 'கியர் ஆயில்' என்று மட்டும் கேட்டால், 'என்ன வண்டி, எந்த இடத்துக்கு?' என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வர வேண்டும். பல கடைகளில் வருவதில்லை. கைக்கு எட்டுகிற போத்தல் கவுண்டருக்கு வந்துவிடும். அலமாரியில் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 இருக்கும், பக்கத்திலேயே 85டபிள்யூ-140 ஜிஎல்-5 இருக்கும், அதற்கு மேல்தட்டில் 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் இரண்டு மடங்கு விலையில் நிற்கும். கல்லாவுக்குப் பக்கத்தில், கியர் சத்தத்தைப் போக்கும், தேய்மானத்தை நிறுத்தும் என்று எழுதிய சின்னச் சின்ன டின்கள். இவற்றில் எது தேவை, எது வீண்செலவு, எது கெடுதல்?

பினாங்குச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. மைவி, ஆக்ஸியா, சாகா எல்லாம் முன்சக்கர இழுவை வண்டிகள். இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அவற்றில் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோ கியர் என்றால் ஏடிஎஃப் அல்லது சிவிடி திரவம், மேனுவல் என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய், அதுவே இதற்கும் போதும். மைவிக்கு 'டிஃப் ஆயில்' மாற்ற வேண்டும் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால், எந்தத் துளையில் ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

தனி எண்ணெய் வேண்டியவை பின்சக்கரத்தால் ஓடுபவை: ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா, ரேஞ்சர் போன்ற பிக்அப்கள், ஹையேஸ் வேன், இசுசூ, ஃபூசோ, ஹினோ லோரிகள், பழைய அவான்சா, இன்னும் காய்கறிச் சந்தைப் பக்கம் தென்படும் பெரோடுவா ரூசா. நான்கு சக்கர இழுவை என்றால் முன்பக்கமும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. பழைய கெம்பாராவில் நடுவிலும் ஒன்று.

இந்தப் பின் அச்சுக்குள் நடப்பது கொஞ்சம் விசேஷமானது. நீளத் தண்டின் நுனியில் இருக்கும் சிறிய பினியன், பெரிய கிரவுன் வீலைத் திருப்புகிறது. பழைய அமைப்பில் இரண்டின் மையமும் ஒரே மட்டத்தில் இருந்தன. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920-களில் பினியனை மையத்துக்குக் கீழே இறக்கும் ஹைப்பாய்டு முறையைக் கொண்டுவந்தது. அதைக் கார்களில் முதலில் போட்டது பேக்கார்ட் கம்பெனி. தண்டு தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, பல்லும் பெரிதாகி வலுவடைந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மையம் விலகியதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகுவதோடு நிற்காமல், அம்மியில் குழவி இழுபடுவதுபோல் அழுத்தத்தோடு சறுக்குகின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் நிற்காது, பிதுங்கி விலகிவிடும். உலோகம் உலோகத்தைத் தொட்டால் அந்தப் புள்ளியின் சூட்டில் பற்கள் ஒட்டி, பிய்ந்து, கீறல் விழும்.

இதைத் தடுப்பது வேதியியல். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கூட்டுப்பொருள்கள் எண்ணெயில் கரைந்திருக்கும். இரண்டு பற்கள் உரசிச் சூடேறும் அந்தப் புள்ளியில் மட்டும் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். உரசும்போது உரிந்து போவது அந்தத் தோல்தான், எஃகு தப்பிக்கும். அடுத்த சுற்றில் புதுத் தோல். கியர் ஆயிலின் அந்தக் குமட்டும் வாடை இந்தக் கந்தகத்தினுடையது. ஒரு முறை சட்டையில் பட்டால் மூன்று துவைப்புக்கும் போகாது.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற எண்கள் குறிப்பது இந்தக் கூட்டுப்பொருளின் வலுவை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்த இந்த வரிசையில் ஜிஎல்-1, 2, 3, 6 எல்லாம் வழக்கொழிந்தவை. ஜிஎல்-5 என்ற தரத்தின் வேர், 1962-இல் வந்த எம்ஐஎல்-எல்-2105பி என்ற அமெரிக்க ராணுவத் தரத்தில் இருக்கிறது. ஜிஎல்-4-இல் இருக்கும் கூட்டுப்பொருள் ஜிஎல்-5-இல் உள்ளதில் ஏறத்தாழ பாதி. ஜிஎல்-5 என்று சொல்ல வேண்டுமானால் எண்ணெய் உண்மையான அச்சுகளில் ஓடித் தேற வேண்டும். எல்-37 என்ற சோதனையில் டானா 60 அச்சைக் குறைந்த வேகத்தில், பெருஞ்சுமையில் ஓட்டுகிறார்கள். எல்-42-இல் டானா 44 அச்சை அதிவேகத்தில் ஓட்டி, திடீர் அதிர்ச்சிகள் கொடுக்கிறார்கள். எல்-33-இல் எண்ணெயோடு தண்ணீர் கலந்து ஏழு நாள் வைத்து, துரு பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்-60-இல் 163 டிகிரி செல்சியஸில், செம்புத் தகட்டோடு, 50 மணி நேரம் காய்ச்சுகிறார்கள். மழையும் வெள்ளமும் உள்ள நம் ஊருக்கு இவற்றில் எல்-33-தான் அதிகம் பொருந்துகிறது என்பது என் எண்ணம். லேபிளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

லேபிளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் எண்ணெய்க்கு ஏபிஐ உரிமம் கொடுத்து வட்ட முத்திரை போட அனுமதிக்கிறது. கியர் ஆயிலுக்கு அப்படி உரிம ஏற்பாடு இல்லை. போத்தலில் ஜிஎல்-5 என்று அச்சடித்திருப்பது தயாரிப்பாளரின் சொந்த வாக்குமூலம், அவ்வளவே. வெளியார் சரிபார்த்த தரம் வேண்டும் என்றால் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2360 என்ற எண்ணைத் தேட வேண்டும். அந்த அங்கீகாரம் சோதனை முடிவுகளை ஒரு மதிப்பீட்டுக் குழு பார்த்த பிறகே கிடைக்கும். பெயர் தெரியாத மலிவுப் போத்தலுக்கும் பெயர் பெற்ற கம்பெனிப் போத்தலுக்கும் ஜிஎல்-5 என்ற ஒரே எழுத்துதான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

'ஜிஎல்-5 பெரிய எண், ஆகவே எல்லாவற்றுக்கும் அதையே ஊற்று' என்பது பட்டறைகளில் புழங்கும் தவறான நம்பிக்கை. மேனுவல் கியர்பாக்ஸுக்குள் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. அவை வேலை செய்வதே உரசலால்தான். ஜிஎல்-5-இன் வழுக்கலில் அவை பிடி விட்டு, கியர் விழும்போது நறநறக்கும். சூடேறினால் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். இன்றைய நல்ல தயாரிப்புகளில் இந்த அரிப்பு வெகுவாகக் கட்டுப்பட்டிருக்கிறது, வழுக்கல் பிரச்சினை மட்டும் தீரவில்லை. மறுபக்கத் தவறு இன்னும் மோசம். கியர்பாக்ஸுக்கு வாங்கி மிஞ்சிய ஜிஎல்-4-ஐ ஹைலக்ஸின் பின் அச்சில் ஊற்றினால், ஹைப்பாய்டு பல்லுக்குத் தேவையான பாதுகாப்பில் பாதிதான் கிடைக்கும். கியர்பாக்ஸில் ஜிஎல்-5 செய்யும் கெடுதல் மெதுவாகத் தெரியும். டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 செய்யும் கெடுதல் ஒரே ஏற்றத்தில் தெரியலாம்.

செம்பு அரிப்பு வெறும் ஏட்டுக் கவலை அல்ல. 1961 வரை ஜார்ஜ் டவுனில் டிராலி பஸ் ஓடியது. ஆயர் ஈத்தாம் போகும் வழித்தடம் இந்த டத்தோ கிராமாட் சாலைதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பஸ்கள் பலவற்றின் பின் அச்சில் ஹைப்பாய்டு கிடையாது. எஃகுத் திருகு ஒன்று வெண்கலச் சக்கரத்தைத் திருப்பும் வார்ம் டிரைவ் இருந்தது. பெஜோ 403, 404 கார்களிலும் அதே அமைப்பு. வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். அதற்குக் கந்தகம் செறிந்த எண்ணெய் ஊற்றினால் சக்கரமே அரிபடும், ஆகவே விளக்கெண்ணெய் சார்ந்ததோ வெறும் கனிம எண்ணெயோதான் ஊற்றுவார்கள். பழைய வண்டி வைத்துப் பராமரிப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது தடிமன். 80டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிருக்கானது. 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரி வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும், 85டபிள்யூ மைனஸ் 12 வரைக்கும் ஓரளவு ஓட வேண்டும் என்பது எஸ்ஏஇ ஜே306-இன் விதி. பினாங்கில் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆக, முதல் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க இங்கே காரணமே இல்லை. பழைய டொயோட்டா கையேடுகள் மைனஸ் 18-க்கு மேலே வெப்பம் இருந்தால் எஸ்ஏஇ 90 போதும் என்றே எழுதியிருந்தன. நமக்கு ஆண்டு முழுதும் அந்த வரிதான்.

இரண்டாவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அது 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 2005 வரை 90 என்ற வகுப்பு 13.5 முதல் 24 சென்டிஸ்டோக் வரை அகலமாக விரிந்து கிடந்தது. ஒரே எண் போட்ட இரண்டு போத்தல்களில் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுதல் தடிமனாக இருக்கலாம், இரண்டும் சட்டப்படி சரி. பிறகு 110, 190 என்ற புது வகுப்புகளை நுழைத்து 90-ஐ 13.5 முதல் 18.5 வரைக்குள் அடக்கினார்கள். 140 என்பது இப்போது 24 முதல் 32.5 வரை. எஞ்சின் எண்ணெயின் எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது, அளவுகோல் வேறு. கியர் 90 உண்மையில் எஞ்சின் 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட தடிமன்தான்.

புதிய பிக்அப்கள் சிலவற்றுக்கு 75டபிள்யூ-85 என்று இன்னும் மெல்லிய எண்ணெயைக் கம்பெனியே சொல்கிறது. எரிபொருள் மிச்சத்துக்காக வந்த மாற்றம் இது. சும்மா ஆள் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு அதையே பின்பற்றலாம். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின நாள் டத்தோ கிராமாட் சாலையில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஊர்ந்து வரும் ஹைலக்ஸைப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே ஒரு டன், அந்த வண்டி தாங்கும் சுமையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அல்லது டுரியான் பருவத்தில் பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பழம் ஏற்றி வரும் லோரி. வேகம் குறைவு, சுமை அதிகம், படலம் தாங்க வேண்டிய நேரம் நீளம். அப்படி அன்றாடம் உழைக்கும் வண்டிக்கு, கையேடு இடம் கொடுத்தால், 90-ஓ 110-ஓ நியாயமான தேர்வு. 140-ஐ லோரிக்காரர்கள் விரும்புகிறார்கள், தேய்ந்த பல்லின் ஊளைச் சத்தம் அதில் அமுங்கும் என்பதால். சத்தம் அமுங்கியது தேய்மானம் நின்றதற்கு அடையாளம் அல்ல. பிக்அப்புக்கு 140 ஊற்றினால் எண்ணெயைக் கடைவதிலேயே சக்தி வீணாகி, அந்த உரசலே சூட்டைக் கூட்டும்.

சிந்தெட்டிக் தேவையா? கனிம எண்ணெயைக் காட்டிலும் சிந்தெட்டிக் சூட்டில் குறைவாக இளகும், மெதுவாகக் கெடும். இரண்டு எண்களுக்கு இடையே அகலம் கூடக் கூட, கனிம எண்ணெயில் அந்த அகலத்தைப் பாலிமர் சேர்த்துத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஹைப்பாய்டு பல் அந்தப் பாலிமரைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் நறுக்கிவிடும், 90 என்று ஊற்றியது பிறகு 90-ஆக இருக்காது. ஆகவே 75டபிள்யூ-90 வாங்குவதானால் சிந்தெட்டிக்கே வாங்குங்கள். 80டபிள்யூ-90 அல்லது நேரான 90 என்றால் நல்ல கனிம எண்ணெயே பினாங்குக்குப் போதும். பெட்ரோனாஸ் மலாக்காவில் உயர்தர அடிப்படை எண்ணெய் தயாரிக்கிறது, உள்நாட்டுப் போத்தலை இளக்காரமாகப் பார்க்கக் காரணம் இல்லை.

இனி கூட்டுப்பொருள். இங்கே ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உண்மையான தேவை உண்டு. தகடுகளை அடுக்கிய எல்எஸ்டி, அதாவது சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் இந்தத் தகடுகள் ஒன்றையொன்று பற்றி மறுசக்கரத்துக்கும் சக்தியைத் தள்ளும். சாதாரண ஜிஎல்-5 ஊற்றினால் வளைவில் திரும்பும்போது தகடுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, கடகடவென்று அதிரும். காலி நிறுத்துமிடத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பார்த்தாலே பின்பக்கத்திலிருந்து அந்த அதிர்வு இருக்கைக்கு வந்து சேரும். இதைத் தீர்க்கத்தான் உரசல் மாற்றி சேர்க்கிறார்கள். ஃபோர்டு தன் டிராக்-லாக் அச்சுகளுக்கு எக்ஸ்எல்-3 என்ற திரவத்தைச் சுமார் 118 மில்லிலிட்டர் ஊற்றச் சொன்னது. அளவு மீறினால் தகடுகள் பற்றவே பற்றாது, எல்எஸ்டி சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும்.

ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அதன் மெழுகுத்தன்மை உலோகத்தில் ஒட்டி உரசலைச் சீராக்கியது, சூட்டையும் தாங்கியது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்த பிறகு, ஆட்டோ கியர் எண்ணெய்க்கும் எல்எஸ்டிக்கும் மாற்றுத் தேடி ரசாயனக் கம்பெனிகள் அலைந்தன. ஜொஜோபா விதை எண்ணெய்க்கு மவுசு வந்ததும் அப்போதுதான், அமைப்பில் அது திமிங்கில எண்ணெய்க்கு மிக நெருக்கம்.

எல்எஸ்டி என்று குறிப்பிட்ட எண்ணெயை வாங்கினால் உரசல் மாற்றி அதிலேயே கலந்திருக்கும், தனியாக ஊற்றத் தேவையில்லை. பல் அமைப்பால் இயங்கும் டோர்சன் வகைக்குத் தகடு கிடையாது, பிரேக்கைப் பிடித்துச் சறுக்கலைத் தடுக்கும் இன்றைய மின்னணு முறைக்கும் கிடையாது. அவற்றுக்கு இந்தத் திரவம் எதற்கும் பயன்படாது. வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் அச்சு உடலில் ஒட்டிய ஸ்டிக்கரையோ கையேட்டையோ பாருங்கள்.

மற்ற டின்கள்? கடைக் கவுண்டரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கியர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் சாதாரண எண்ணெய் கீழேயே தங்கும், கூட்டுப்பொருள் கலந்தது தேன்பாகாக நூல் இழுத்துக்கொண்டு மேல் கியர் வரை ஏறும். 'பாருங்கண்ணே, எப்படி ஒட்டுது! ஒரு போத்தல் ஊத்துனா சத்தமே இருக்காது' என்பார் விற்பவர். பார்க்கக் கவர்ச்சிதான். கையால் சுற்றும் வேகமும் நெடுஞ்சாலையில் கிரவுன் வீல் சுற்றும் வேகமும் ஒன்றல்ல. அங்கே எண்ணெயை மேலே ஏற்றுவது ஒட்டுத்தன்மை அல்ல, சக்கரமே வாரி இறைக்கிறது. ஒட்டும் பாலிமர் அதிகமானால் காற்றுக் குமிழ் சிக்கி நுரைக்கும், நுரைக்குச் சுமை தாங்கும் வலு இல்லை.

இன்னொரு வித்தை, சுழலும் வளையத்தின்மேல் நெம்புகோலால் ஒரு பேரிங்கை அழுத்திக் காட்டுவது. சாதாரண எண்ணெயில் கிறீச்சிட்டு நின்றுவிடும் இயந்திரம், டின் சரக்கு ஒரு சொட்டு விட்டதும் சத்தமில்லாமல் ஓடும். குளோரின் சேர்ந்த பாரஃபின் இந்தச் சோதனையில் அசத்தும். ஆனால் ஈரம் பட்டால் அதே குளோரின் அமிலமாகி எஃகை அரிக்கும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 1990-களின் இறுதியில் சிலிக் 50, புரொலாங், டியூரா லூப் எனப் பல எஞ்சின் எண்ணெய்க் கூட்டுப்பொருள் விளம்பரங்கள்மீது நடவடிக்கை எடுத்தது, சொன்ன பலனுக்குச் சான்று இல்லை என்பதற்காக. டிஃபரன்ஷியலுக்கு விற்கும் டின்களையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஜிஎல்-5 எண்ணெய்க்குள் கந்தகமும் பாஸ்பரஸும் துருத்தடுப்பானும் நுரைத்தடுப்பானும் ஒன்றுக்கொன்று சமன் செய்து கலக்கப்பட்டிருக்கின்றன. எல்லாமே உலோகப் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டியிடுபவை. வெளியிலிருந்து புதிதாக ஒன்றை ஊற்றினால் அந்தச் சமன்பாடு குலையும். எல்எஸ்டியில் மாலிப்டினம் கலந்த சரக்கை ஊற்றினால் தகடு பிடியையே இழக்கும்.

உண்மையில் பினாங்கில் டிஃபரன்ஷியலைக் கொல்வது தவறான எண்ணெயைவிடத் தண்ணீர்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் தீவே மூழ்கியது. சுங்கை பினாங்கு நிரம்பி பி. ரம்லி சாலை வட்டாரம் பலமுறை தண்ணீருக்குள் போயிருக்கிறது. அச்சின் மேலே பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, பிரீதர் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சுகிறது. வண்டி நின்றுவிடாததால் யாருக்கும் சந்தேகம் வராது. எஞ்சின் எண்ணெயை மறக்காமல் மாற்றிவிட்டு பின் அச்சை அப்படியே விட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்துப் பேரிங் முனகத் தொடங்கும்.

சக்கர நடுப்பகுதி மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டியிருந்தால், கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிக்அப்களுக்கு 40,000 கிலோமீட்டர் என்பது அடிக்கடி காணும் கணக்கு, சுமை வண்டிக்கு அதில் பாதி. வெள்ளம் அந்தக் கணக்கை ரத்து செய்துவிடும். பட்டறைப் பொமேனிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மேலே இருக்கும் ஊற்றும் அடைப்பானைக் கழற்றச் சொல்லுங்கள். கீழே வடித்து முடித்த பிறகு மேலடைப்பான் துருவேறிக் கழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிந்த எண்ணெய் தேநீரில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடிகால் அடைப்பானின் நுனியில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழப்பான சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை, அது இயல்பான தேய்மானம். விரலைக் குத்தும் சில்லுகளோ பல்லின் துணுக்கோ இருந்தால் எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது, கூட்டைத் திறக்க வேண்டும். புது வாஷர் போட்டு மூடி, மேல்துளையின் கீழ்விளிம்பில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிரீதரை ஊதிப் பார்த்துவிடுங்கள், மண் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் சீலைத் தள்ளி எண்ணெயைச் சக்கரத்துப் பக்கம் கசியவிடும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது சுங்கை பினாங்குக்கே போகும். 2005-இன் மலேசிய விதிகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. பட்டறையின் பீப்பாயில் சேர்த்தால் உரிமம் பெற்றவர்கள் எடுத்துப் போவார்கள்.

மின்வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. புரோட்டோனின் இ.மாஸ் 7 மாடல் 2024 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. மின்வண்டிகளிலும் பல்சக்கரமும் டிஃபரன்ஷியலும் உண்டு, ஹைப்பாய்டு இல்லை. சில வடிவமைப்புகளில் எண்ணெய் மோட்டாரின் செம்புச் சுருளையே தொட்டுக் குளிர்விக்கிறது. கந்தகம் செறிந்த ஜிஎல்-5-க்கு அங்கே வேலையே இல்லை. அந்தந்தக் கம்பெனி சொல்லும் மெல்லிய திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும், அந்தப் போத்தலில் பெரும்பாலும் ஜிஎல் எண்ணே இருக்காது.